ஒன்பது வீடுகளும் முடவன் முழுக்கும்

சென்ற ஐப்பசிக்கும் இந்த ஐப்பசிக்கும் இடையில், பொறையாற்றை அடுத்த எங்கள் ஊரில், நான் பிறந்த தெருவிலும் அதை ஒட்டிய இரண்டு தெருக்களிலுமாக ஒன்பது பேர் இறந்துபோனார்கள். அவர்களில் ஒருவருடைய சாவுக்கும் என்னால் போக முடியவில்லை. சென்னையில் இருக்கும் ஊர்க்காரர்கள் சிலர் சேர்ந்து, அந்த ஒன்பது பேரைப் பற்றியும் சிறியதாக ஒரு நினைவு மலர் அச்சிட்டு வீட்டுக்கு ஒன்று கொடுப்பது என்று முடிவு செய்தோம். பள்ளிக்கூடத்தில் முப்பது ஆண்டுகள் படிவங்களை நிரப்பியே ஓய்வு பெற்றவள் என்ற தகுதியில், விவரம் திரட்டும் வேலை என் தலையில் விழுந்தது. பெயர், தோற்றம், மறைவு, படிப்பு, தொழில், வாரிசுகள், சிறப்பு இயல்புகள் என்று ஏழு கட்டங்கள் கொண்ட படிவம் ஒன்றைத் தயாரித்து, ஒன்பது படிகள் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். மூன்று நாளில் முடித்துவிடலாம் என்பது என் கணக்கு. ஆறு நாளாயிற்று.

நவம்பர் 12, புதன்

மயிலாடுதுறைச் சந்திப்பில் இறங்கியபோது, பெய்வதா விடுவதா என்று முடிவு செய்யாத மழை தூறிக்கொண்டிருந்தது. பேருந்து நிலையத்தில் கணுக்கால் அளவுத் தண்ணீர். காப்பிக் கடையில் நின்று, நனைந்த முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து மேலும் மங்கலாக்கிக்கொண்டிருந்தேன். கடைக்காரர் ஒன்றும் சொல்லாமல் தோளிலிருந்த துண்டை மடித்து, உலர்ந்த பக்கத்தை என்னிடம் நீட்டினார். காப்பி 20 ரூபாய். சர்க்கரை அதிகம்தான், ஆனாலும் அந்தத் துண்டுக்காக இன்னொன்று வாங்கிக் குடித்தேன்.

நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால், நடத்துநர் கட்டணமில்லாச் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போனார். மன்னம்பந்தல், செம்பனார்கோயில், ஆக்கூர் என்று வண்டி நகர, இரண்டு பக்கமும் சம்பா நடவு முடிந்த வயல்களில் பயிரும் மழைத் தண்ணீரும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் நின்றன. 1926-இல் தொடங்கி 1986-இல் நிறுத்தப்பட்ட தரங்கம்பாடி ரயிலில்தான் நான் சிறுமியாக இந்த வழியில் போய் வந்தேன்; இன்று தண்டவாளம் இருந்த மேடு எது, வெறும் வரப்பு எது என்று எனக்கு அடையாளம் தெரியவில்லை.

பக்கத்து இருக்கை மூதாட்டி, எங்கே போகிறேன், யார் வீட்டுக்கு, என்ன காரியம் என்று ஆக்கூர் வருவதற்குள் கேட்டு முடித்துவிட்டார். நான் படிவத்தைக் காட்டினேன். "தோற்றம்னா பொறந்த தேதியா? அது யாருக்குத் தெரியும்?" என்றவர், தாம் ஐம்பத்திரண்டு புயலில் கைக்குழந்தை என்றும், தம் கடைசித் தங்கை எழுபத்தேழு புயலன்று பூப்பெய்திக் குச்சுக்குள் இருந்தவள் என்றும் கணக்குச் சொன்னார். 1952 நவம்பர் 30-இல் ஒரு புயலும் 1977 நவம்பர் 12-இல் ஒரு புயலும் நாகப்பட்டினத்தை ஒட்டிக் கரை கடந்தன. இரண்டாவது புயலின் தேதி இன்றைய தேதிதான் என்று நான் சொன்னதும், அவர் ஜன்னல் வழியாக வானத்தை ஒரு முறை பார்த்துக்கொண்டார்.

ஊர் முகப்பில், பேருந்து நிழற்குடையின் மேலும் மின்கம்பத்திலுமாக, ஒன்பது பேரில் ஐந்து பேர் இன்னும் கண்ணீர் அஞ்சலிப் பதாகைகளில் இருந்தார்கள். ஒருவர் முகம் பாதி வெளுத்துவிட்டது. இன்னொருவருடைய பதாகையின் கீழ்ப்பாதியைக் கிழித்து யாரோ ஆட்டுக் கொட்டகைக்குக் கூரையாக்கியிருந்தார்கள். ஐந்தில் மூன்று பேர் ஜூன் மாதத்தில் தோன்றியவர்கள். இது எங்கள் தொழில் ரகசியம்: ஜூனில் பள்ளிச் சேர்க்கை, ஐந்து வயது நிறைந்திருக்க வேண்டும், தகப்பனுக்குத் தேதி தெரியாது. ஆகவே அந்தக் காலத்துத் தலைமை ஆசிரியர் கைக்கு வந்த ஜூன் தேதி ஒன்றை எழுதிவிடுவார். அந்தத் தேதியிலேயே மனிதர் வேலைக்குப் போய், ஓய்வு பெற்று, இறுதியில் பதாகையிலும் ஏறிவிடுகிறார்.

சித்தி வீட்டில் சுடுசோறும் மிளகு ரசமும். "ஒம்போது வீட்டுக்கும் போவியா? எல்லா வீட்டுலயும் காப்பி குடுப்பாங்க, வேணாம்னு சொல்லிடாத" என்று எச்சரித்தார்.

நவம்பர் 13, வியாழன்

விடாத மழை. ஐந்து வீடுகளுக்குப் போனேன். ஏழு தம்ளர் காப்பி குடித்தேன். கையால் எழுதுவதை விடக் கைப்பேசியில் பதிவு செய்வது வசதி என்று பேரன் சொல்லிக் கொடுத்திருந்தபடி, எல்லா வீட்டிலும் கைப்பேசியைத் திண்ணையிலோ முக்காலியிலோ வைத்துவிட்டுக் கேள்வி கேட்டேன்.

ஊராட்சியின் மேல்நிலைத் தொட்டியை இயக்கியவர் வீட்டில், 'தங்கமான மனுஷன்' என்றார்கள். அவரைத் தண்ணீர்த் தாத்தா என்றுதான் மூன்று தெருவுக்கும் தெரியும். நடவுக் கூட்டத்துக்குத் தலைவியாக இருந்த பெரியம்மாவின் வீட்டில், 'யாரையும் ஒரு சொல் சொன்னதில்லை' என்றார்கள். மளிகைக்கடை வீட்டில், 'எறும்புக்கும் தீங்கு நினைக்காதவர்' என்றார்கள். மற்ற இரண்டு வீடுகளிலும் இவற்றையே சொற்களை மாற்றிப் போட்டுச் சொன்னார்கள். ஒவ்வொரு வீட்டிலும் நான் போய் உட்கார்ந்ததும் பக்கத்து வீட்டார் நான்கைந்து பேர் வந்து சேர்ந்துவிட, சொல்கிறவர் என்னைப் பார்க்காமல் அவர்களைப் பார்த்தே சொன்னார். சிறப்பு இயல்புகள் என்ற கட்டம் ஐந்து படிவங்களிலும் ஏறக்குறைய ஒன்று போலவே நிரம்பியது. ஐந்து பேருமே அன்பே உருவானவர்கள், ஐந்து பேருமே பிறர்க்கு உதவுபவர்கள்.

நடவுப் பெரியம்மாவின் மகன் இறப்புச் சான்றிதழைக் கொண்டுவந்து காட்டினார். இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்ற 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி எல்லாம் முறையாக நடந்திருந்தது. பதிவுக்கு விண்ணப்பித்த தாளின் படியும் அதனுடன் இணைத்து வைக்கப்பட்டிருந்தது. அதில் தொழில் என்ற இடத்தில் 'இல்லத்தரசி' என்று எழுதியிருந்தது. பன்னிரண்டு வயதிலிருந்து அறுபத்தைந்து வயது வரை சேற்றில் நின்றவர் அவர். நானும் அதைப் பார்த்து என் படிவத்தில் 'இல்லத்தரசி' என்றே எழுதினேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

இரவு சித்தி தூங்கிய பிறகு பதிவுகளைக் கேட்க உட்கார்ந்தேன். தகரக் கூரையில் விழும் மழையும், அதற்குப் போட்டியாக மின்விசிறியும், இரண்டுக்கும் நடுவே என் குரலும் மட்டும் கேட்டன. கேள்விகள் மிகத் தெளிவாக இருந்தன, பதில்களைக் காணோம். மூன்றரை மணி நேரப் பதிவில் உருப்படியாகக் கேட்டவை, 'காப்பி ஆறுது, குடிங்க' என்ற சொற்கள் மட்டுமே.

நவம்பர் 14, வெள்ளி

காலையில் மழை விட்டிருந்தது. வெளிறிய முகத்தோடு நான் சொன்னதைக் கேட்டு, "நாளன்னிக்கு மறுபடியும் போ, எங்கேயும் ஓடிப்போவ மாட்டாங்க" என்றார் சித்தி. இன்று முதலில் தரங்கம்பாடிக்கு. எங்கள் தெருவில் குடியிருந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியரை அடக்கம் செய்தது அங்கேதான்.

அவரிடம் படித்தவரும், இப்போது விளம்பரப் பலகை எழுதும் ஓவியருமான ஒருவர் என்னைக் கல்லறைத் தோட்டத்துக்கு அழைத்துப் போனார். இந்த மாதம் 2-ஆம் தேதி கல்லறைத் திருநாள். அதற்கு அடித்த சுண்ணாம்பு மழையில் வழிந்து புல்லெல்லாம் வெள்ளையாகக் கிடந்தது. சாமந்தி மாலைகள் கறுத்துவிட்டன. மெழுகு உருகிய இடங்களில் எறும்புகள் சறுக்கிக்கொண்டிருந்தன. ஆசிரியருக்கு இன்னும் கல் வைக்கவில்லை. மகன் வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பியிருக்கிறார், கல் வெட்டுகிறவர் மழை முடியட்டும் என்கிறார். இப்போதைக்கு மரச் சிலுவையும், அதன் மேல் வெள்ளை வண்ணத்தில் ஓவியரே எழுதிய பெயரும் மட்டும். ஒற்றுப் பிழை இல்லை. "நாலு தடவை சரிபார்த்தேங்க. பிழை இருந்தா எழுந்து வந்துடுவாரு" என்றார்.

அவர் சொல்வதில் மிகை இல்லை. ஊரில் யார் சுவரொட்டி அச்சடித்தாலும், கல்யாணமோ சாவோ, கையில் சிவப்புப் பேனாவோடு போய் நிற்பவர் ஆசிரியர். ஜெர்மனியிலிருந்து வந்த பாதிரியார் சீகன்பால்கு 1715-இல் இந்தத் தரங்கம்பாடியில்தான் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டார் என்பதையும், அந்தக் காலத்தில் தாள் செய்த இடம்தான் பொறையாற்றில் இன்றும் கடுதாசிப்பட்டறை என்று பெயர் சொல்லி நிற்கிறது என்பதையும் ஆண்டுதோறும் ஐந்தாம் வகுப்புக்குச் சொல்லிவிட்டு, "தமிழை அச்சில் ஏத்தின மண்ணுடா இது, இங்கே பிழை விடலாமா?" என்று கேட்பாராம். அப்படிப்பட்டவருக்கு ஊரார் வைத்த பதாகையில் 'ஆழ்ந்த இரங்கள்' என்று அச்சாகிவிட்டது. ஆறடிக்கு நான்கடிப் பதாகை, அதில் பிழை மட்டும் ஓரடி. மறுநாள் விடிந்து பார்த்தால், 'ள்' மேல் வெள்ளைத் தாளை ஒட்டி யாரோ அழகாக 'ல்' என்று எழுதியிருந்தார்களாம். யார் என்று தெரியாது என்றார் ஓவியர். அவருடைய விரல் நகத்தில் கறுப்பு வண்ணம் இருந்தது. ஆனால் ஓவியர் என்றால் எப்போதும் இருக்கத்தானே செய்யும்?

திரும்பும் வழியில் புதிய எருசலேம் ஆலயத்துக்குள் போய்ப் பார்த்தேன். 1718-இல் அதைக் கட்டிய சீகன்பால்கு அடுத்த ஆண்டே, தம் 36-ஆம் வயதில் இறந்து அங்கேயே அடக்கமானார். உள்ளே நல்ல அமைதி. வெளியே கடல் பெரிதாகச் சத்தமிட்டது.

மதியம் ஒரு சிறிய உணவுக்கூடத்தில் மீன் சாப்பாடு 130 ரூபாய், கிழங்கான் மீன் வறுவல் தனியாக 60. பரிமாறிய பெண், மேசை மேல் கிடந்த படிவத்தைத் தலைகீழாகவே படித்துவிட்டு, "எங்க மாமியாரையும் எழுதிக்குங்கக்கா, அவங்க போயி மூணு வருஷம் ஆச்சு" என்றார். எங்கள் ஊர்க்காரர்களுக்கு மட்டும்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 2004 டிசம்பர் 26 அன்று, அப்போதைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6000-க்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோன அலை இந்தக் கரையிலும் ஏறியபோது, அந்த மாமியார் தம்முடைய இரண்டு பேரப்பிள்ளைகளோடு பக்கத்து வீட்டுக் குழந்தை ஒன்றையும் சேர்த்து மாடிக்கு ஏற்றினவராம். "போனவங்க பேரையெல்லாம் எழுதி வச்சாங்க. பொழச்சுக் கெடந்து பதினெட்டு வருஷம் மீன் வித்துச் செத்தவங்கள யாரு எழுதுறா?" என்று கேட்டுக்கொண்டே ரசம் ஊற்றினார். படிவத்தின் பின்பக்கத்தில் அரை மணி நேரம் எழுதினேன். வறுவலுக்குக் காசு வாங்க மாட்டேன் என்று அடம்பிடித்தார். இலைக்கு அடியில் வைத்துவிட்டு வந்தேன்.

மாலையில் வாடாக் கடைக்காரர் வீட்டுக்கு. பள்ளிவாசல் தெரு முனையில் நாற்பது ஆண்டுகள் இறால் வாடா போட்டவர். அவர் மனைவி, நாங்கள் லாத்தா என்று அழைப்பவர், கணவர் இறந்தபின் பெண்கள் தனித்திருக்கும் இத்தாவில் இருக்கிறார். நான்கு மாதமும் பத்து நாளும் முடிய இன்னும் மூன்று வாரம் உண்டு. நான் பெண் என்பதால் உள்ளறையிலேயே உட்கார வைத்துப் பேசினார். மகள் சுடச்சுட இரண்டு வாடாவைத் தட்டில் கொண்டுவந்தாள். அரிசிமாவு மேலே மொறுமொறுவென்று, உள்ளே வெங்காயமும் தேங்காயும் வெந்து, நடுவில் இறால் முழுதாக இருந்தது. "அத்தா போட்டா இதை விட நல்லா இருக்கும்" என்றாள். கடை இப்போது அவளுடைய அண்ணன் கையில். ஒன்று 10 ரூபாய்.

அடக்கத்துக்கு முன் நடக்கும் ஜனாஸாத் தொழுகை தொடங்குமுன், அத்தா யாருக்காவது கடன் தர வேண்டியிருந்தால் என்னிடம் வந்து கேளுங்கள் என்று மகன் அறிவித்தாராம். ஒருவரும் வரவில்லை. அத்தாவுக்கு வர வேண்டிய கடன்தான் சிக்கலாயிற்று. அவர் எழுத்தறிந்தவர், ஆனால் கடன்காரர் பெயரை எழுத மாட்டார். பெயர் எழுதினால் அவமானமாம். அந்தக் குறிப்பேட்டை எனக்குக் காட்டினார்கள். 'பச்சைச் சட்டை 45', 'இருமல்காரர் 20', 'சைக்கிளில் மணி இல்லாதவன் 110' என்று பக்கம் பக்கமாக இருந்தது. நாற்பதாம் நாள் கழித்து ஒரு பெரியவர் கடைக்கு வந்து 45 ரூபாயை வைத்துவிட்டு, "நான்தான் பச்சைச் சட்டை" என்றாராம். வரும்போது நீலச் சட்டை போட்டிருந்தாராம். மணி இல்லாத சைக்கிள் இன்னும் வரவில்லை. இதைச் சொல்லிவிட்டு லாத்தா முதலில் சிரித்தார். பிறகு முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

நவம்பர் 15, சனி

மழையும் வெயிலும் மாறி மாறி. காலையில் சித்தப்பா முறை ஒருவருடைய வீட்டுக்குப் போனேன். திருக்கடையூரில் சதாபிஷேகத்துக்கு நாள் குறித்து, மண்டபம் பேசி, பத்திரிகையும் அடித்த பிறகு, பதினோரு நாள் முன்னதாகப் போனவர் அவர். மார்க்கண்டேயனுக்காக எமனைக் காலால் உதைத்த இறைவன் இருக்கும் தலம் என்பதால், அறுபதுக்கும் எண்பதுக்கும் எங்கிருந்தெல்லாமோ மாலையும் கழுத்துமாக அங்கே வருகிறார்கள். எங்களுக்குப் பேருந்தில் கால் மணி நேரம்.

விழாவுக்கு எடுத்த பட்டு வேட்டியைத்தான் அவருக்குப் போர்த்தினார்களாம். முன்பணம் வாங்கிய சமையல்காரர், "சமைச்சாத்தான் காசு" என்று சொல்லி முழுத் தொகையையும் திருப்பிக் கொடுத்துவிட்டார். சதாபிஷேகம் கண்டவரை ஆயிரம் பிறை கண்டவர் என்பார்கள். பொறியியல் படிக்கும் பேரன், ஒரு பிறைக்கு 29.53 நாள் என்று வகுத்துப் பார்த்து, தாத்தா கண்டது 997 என்றும், மூன்று குறைகிறது என்றும் என்னிடம் விளக்கினான். மூலையில் உட்கார்ந்திருந்த அவன் பாட்டி, "மழைக் காலத்துல மூடிக் கெடந்த பிறையெல்லாம் கழிச்சியாடா?" என்று கேட்டார். அவன் விழித்தான். "கழிச்சுடு. எனக்கும் அவருக்கும் அதுல பாதிதான் தேறும்" என்றார் பாட்டி.

பிற்பகல் ஒரு வீட்டுக்குப் போனேன். இருபத்துநான்கு வயதுப் பையன். கிழக்குக் கடற்கரைச் சாலையில், காரைக்காலில் வேலை முடிந்து திரும்பும்போது இறந்தவன். வாசலில் நின்ற அம்மா, நான் சொல்லி முடிக்கும் வரை கேட்டார். "எழுத வேண்டாம்மா" என்றார். உள்ளே வரச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. சிறிது நேரம் இருவரும் நின்றோம். பிறகு நான் வந்துவிட்டேன்.

இரவு சாப்பாடு இறங்கவில்லை. ஒன்பதாவது படிவத்தில் பெயரை மட்டும் எழுதியிருந்தேன். அதையும் எழுதியிருக்க வேண்டாமோ என்று தோன்றியது.

நவம்பர் 16, ஞாயிறு

இன்று ஐப்பசி கடைசி நாள். மயிலாடுதுறைத் துலாக்கட்டத்தில் கடைமுழுக்கு. ஐப்பசி முழுதும் காவிரியில் நீராட முடியாதவர்கள் கடைசி நாளிலாவது நீராட வேண்டும் என்று ஊரே கிளம்பிப் போகும். சித்தியோடு நானும் போவதாகத்தான் ஏற்பாடு. ஆனால் வியாழக்கிழமை வீடுகளுக்கு மறுபடியும் போக வேண்டியிருந்தது. சித்தியும், தனியாகப் போக மாட்டேன் என்று தங்கிவிட்டார்.

இம்முறை கைப்பேசியை வீட்டிலேயே வைத்துவிட்டேன். மழை இல்லை, ஊரில் பாதிப் பேர் மயிலாடுதுறைக்குப் போயிருந்ததால் பக்கத்து வீட்டுக்காரர்களும் இல்லை. தண்ணீர்த் தாத்தாவின் மருமகள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தாள். "அதுவும் நல்லதுதான் போங்க. அன்னிக்கு நாலு பேர் இருந்தாங்க, அதனால தங்கம்னு சொன்னேன். தங்கமாவது! வாயத் தொறந்தா நெருப்பு" என்று தொடங்கினாள்.

காலை ஆறு மணிக்குத் தொட்டியைத் திறப்பார். ஆறு என்றால் ஆறுதான், பலர் அதை வைத்தே கடிகாரம் திருத்துவார்கள். எந்த வீட்டிலாவது குழாயை மூடாமல் தண்ணீர் வீணானால், அந்தத் தெருவுக்கே பத்து நிமிடம் அடைத்துவிடுவார். அக்கம்பக்கத்தார் அந்த வீட்டை ஏசட்டும் என்பது அவருடைய தண்டனை முறை. இதனால் மூன்று முறை அடிதடி ஆகியிருக்கிறது. கஜா புயல் 2018-இல் இதே நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யத்தை ஒட்டிக் கரை கடந்தபோது மின்சாரம் போய்விட, எங்கேயோ ஒரு ஜெனரேட்டரை வாடகைக்குப் பிடித்துத் தள்ளுவண்டியில் வைத்துத் தாமே இழுத்து வந்தவரும் அவர்தான். அன்றும் குழாயைத் திறந்து போட்ட ஒரு வீட்டுக்குத் தண்ணீரை நிறுத்தியவரும் அவர்தான். இப்போது தண்ணீர் ஏழுக்கும் வருகிறது, ஒன்பதுக்கும் வருகிறது. "திறக்கிற சத்தம் கேக்காம எனக்கு இன்னும் முழிப்பு வர மாட்டேங்குது. அவர் இருந்தப்ப, எப்படா ஒரு நாள் தூங்க விடுவாருன்னு இருந்துச்சு" என்றாள்.

என்னைத் தொட்டியடிக்கு அழைத்துப் போனாள். மோட்டார் அறையின் உட்சுவரில் கரிக்கட்டையால் அவர் எழுதி வைத்த குற்றப் பட்டியல் அழியாமல் இருக்கிறது. வீட்டு எண்ணும் எத்தனை முறை என்பதும் உண்டு. திருந்தியவர்கள் மேல் ஒரு கோடு. எங்கள் சித்தி வீட்டுக்கு நேராக 3 என்று இருந்தது, கோடு இல்லை. வீட்டுக்கு வந்து சொன்னபோது சித்திக்கு உண்மையாகவே கோபம் வந்துவிட்டது. இரண்டு முறைதான், மூன்றாவது முறை வாஷர் போய்விட்டது, அதை அப்போதே அவரிடம் சொல்லியாயிற்று என்று, இறந்தவரோடு அரை மணி நேரம் வழக்காடினார்.

நடவுப் பெரியம்மாவின் தங்கை மாட்டுக் கொட்டகையில் இருந்தார். அக்காள் யாரையும் ஒரு சொல் சொன்னதில்லையாமே என்று கேட்டேன். "யாரு சொன்னா? அவ சொல்லாத ஆளே கெடையாது, ஆனா பாட்டுலதான் சொல்லுவா" என்றார். மூன்று தெருவில் எந்தச் சாவு விழுந்தாலும் ஒப்பாரிக்கு முதல் குரல் பெரியம்மாவுடையது என்பது எனக்கும் தெரியும். எனக்குத் தெரியாதது, அந்தப் பாட்டுக்குள் அவர் என்ன வைத்திருந்தார் என்பது. செத்தவர் என்ன சாப்பிடுவார், எந்த மாட்டை எந்தச் சந்தையில் வாங்கினார், எந்த மகள் மருந்து வாங்கிக் கொடுத்தாள், எந்த மகன் கொடுக்கவில்லை என்பதெல்லாம் அழுகைக்கு நடுவே வந்துவிடுமாம். தங்கை இரண்டு அடியைத் தாழ்ந்த குரலில் பாடியே காட்டினார்:

பொன்னான பத்தாயம் பூட்டிக் கெடக்குதய்யா
பூட்டத் தொறக்கப் புள்ள இப்பத்தான் பஸ்ஸ விட்டு எறங்குதய்யா

அந்தப் பிள்ளை, பாட்டு முடிவதற்குள் பந்தலைவிட்டுப் போய்விட்டாராம். அதனால் பெரியம்மாவைச் சாவு வீட்டுக்கு அழைக்கவும் பயம், அழைக்காமல் விடவும் பயம். நான் ஏழு கட்டம் போட்டுத் தேடிக்கொண்டு வந்ததை, அவர் கட்டமே இல்லாமல் ஐம்பது ஆண்டுகள் செய்திருக்கிறார். படிவத்தில் இருந்த 'இல்லத்தரசி'யை அங்கேயே அடித்துவிட்டு 'நடவு, ஒப்பாரி' என்று எழுதினேன். அவர் இறந்தபோது பாட ஆள் இல்லை. ஒலிபெருக்கி வைத்தவரிடம் பென் டிரைவில் ஒப்பாரி இருந்தது, அதைப் போட்டார்கள். "யாரோ ஒருத்தி, யாருக்கோ அழுதா. எங்கக்கா பேரு ஒரு எடத்துலயும் வரல" என்றார் தங்கை. மாடு நகர்ந்து அவர் காலை மிதித்தது. அதை ஓங்கி அடித்தார்.

மற்ற மூன்று வீடுகளில் இரண்டில் ஒன்றும் மாறவில்லை. சில வீடுகளில் இரண்டாம் முறையும் தங்கம்தான். ஒருவேளை அவர்கள் உண்மையாகவே தங்கமாக இருந்திருக்கலாம். மளிகைக்கடை வீட்டில் மட்டும், எடைக்கல் பற்றி மனைவி சொன்ன ஒன்றை, எழுதக் கூடாது என்ற நிபந்தனையோடு சொன்னார்.

இருட்டிய பிறகு வீடு திரும்பினேன். துலாக்கட்டத்துக்குப் போனவர்கள் ஈரத் துணி மூட்டையோடு பேருந்திலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். என்னால் சித்திக்கும் முழுக்குப் போயிற்று என்று வருத்தப்பட்டேன். "நாளைக்கு முடவன் முழுக்கு இருக்குல்ல? நேரத்துக்கு வராதவங்களுக்குன்னே வச்சதுதானே அது" என்றார் சித்தி.

நவம்பர் 17, திங்கள்

கடைமுழுக்குக்கென்று கிளம்பிய முடவன் ஒருவன், தவழ்ந்து வந்து சேர்வதற்குள் ஐப்பசி முடிந்துவிட்டதாம். அவன் முறையிட்டதைக் கேட்டு, கார்த்திகை முதல் நாளில் நீராடினாலும் அதே பலன் உண்டு என்று மயூரநாதர் அருளியதாகக் கதை. இரவு எனக்குச் சென்னைக்கு ரயில். பையைக் கட்டிக்கொண்டு சித்தியோடு காலை ஏழரை மணிக்கே நிழற்குடைக்கு வந்துவிட்டேன். குழாயில் அப்போதுதான் தண்ணீர் வந்தது. சித்தி ஓடிப்போய் மூடிவிட்டு வந்தார்.

பேருந்து வரத் தாமதமாயிற்று. தூறல் தொடங்கியது. அப்போது அந்தப் பையனுடைய அம்மா, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு எதிர்ச் சாரியிலிருந்து வந்தார். நேரே என்னிடம் வந்து, ரவிக்கைக்குள்ளிருந்து ஒரு புகைப்படத்தை எடுத்தார். மேலே தொங்கும் பதாகையைக் காட்டி, "அது நல்லா இல்ல. ஆதார் கார்டுல இருந்து எடுத்துட்டாங்க. சிரிக்கவே கூடாதுன்னு சொல்லி எடுத்த படம்" என்றார். கையிலிருந்த படத்தில் பையன் இடுப்பளவு ஆற்றுத் தண்ணீரில் ஒரு ஆட்டுக்குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கிறான். ஆடு கேமராவைப் பார்க்கிறது, அவன் ஆட்டைப் பார்த்துச் சிரிக்கிறான்.

"இதப் போட்டுக்குங்க. எழுத வேண்டாம்" என்றார். பிறகு, "இது ஒண்ணுதான் இருக்கு. திருப்பித் தந்துடணும்" என்றார். தபாலில் அனுப்பட்டுமா என்று கேட்டேன். "வேணாம், நீங்களே கொண்டாங்க" என்று சொல்லிவிட்டு, பேருந்து வருவதைப் பார்த்துத் திரும்பி நடந்தார்.

துலாக்கட்டத்தில் நேற்றைய கூட்டம் இல்லை. படிகளில் வாடிய பூவும், பிய்ந்த செருப்புகளும், முழுக்குக்கு வந்த நூறு பேருக்கு ஏற்ற அளவான சத்தமும் இருந்தன. பூக்காரப் பெண் நேற்று முழம் 50-க்கு விற்றதை இன்று 30-க்குக் கொடுத்தாள். காவிரி மங்கலாக, இழுப்போடு ஓடியது. படிவங்களும் படமும் இருந்த பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன், படியெல்லாம் ஈரம். "நீ மொதல்ல போயி முழுகிட்டு வா, நான் வச்சிருக்கேன்" என்றார் சித்தி.

ஒன்பது பேருடைய பெயரையும் சொல்லி ஒன்பது முறை முழுக வேண்டும் என்று வரும் வழியில் நினைத்திருந்தேன். நான்காவது முழுக்கில் மூச்சு வாங்கியது. ஆறாவதில் யார் பெயரைச் சொன்னேன், யாரை விட்டேன் என்று குழம்பி, மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினேன். எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு கரையைப் பார்த்தபோது மழை வலுத்திருந்தது. சித்தி மேல் படியில் நனைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார். பை அவர் மடியில் இருந்தது. குடையைப் பைக்குப் பிடித்திருந்தார்.